ஐஸில் போட்டால் துண்டான விரல் கட்டாயம் ஒட்டுமா?

"துண்டான விரலை ஐஸில் போட்டுக் கொண்டுபோனால் கட்டாயம் ஒட்டவைத்துவிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெடும். ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பையைத்தான் ஐஸ் தண்ணீரில் வைக்க வேண்டும்.

அப்படி வைத்தாலும் பெரும்பாலும் முடிவைச் சொல்வது ரத்தக்குழாய்தான். விரல் தமனி (விரலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்) சுமார் 1 மி.மீ. விட்டம்தான். மைக்ரோஸ்கோப்பில் அதன் உட்சுவரைப் பார்ப்பார்கள். கிழிசலோ ரத்தக்கட்டியோ தெரிந்தால் நல்ல பகுதி வரும்வரை வெட்டிவிட்டு, இடைவெளிக்கு முன்கைச் சிரைத்துண்டை வைத்துத் தைப்பார்கள். கெட்ட சுவரில் தைத்தால் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். கையோடு இருக்கும் தமனி முனையிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடிக்க வேண்டும், வெறுமனே கசிந்தால் போதாது.

மோதிரம் மாட்டிப் பிய்ந்த விரல் வெளியே முழுசாகத் தெரியும். ஆனால் பக்கவாட்டில் நீளச் சிவப்புக் கோடு, ரிப்பன்போல் சுருண்ட தமனி இருந்தால் உள்ளே குழாய் நெடுகச் சிதைந்திருக்கும்.