அப்சர்ட் நாடகம் ஓடாதுங்கிறது தப்பு

மேல ஒருத்தர் "அப்சர்ட் காமெடி (அர்த்தமே இல்லாத மாதிரிப் போற அபத்த நாடகம்) மேடையில ஓடாது, அயனெஸ்கோங்கிறவர் எழுதின 'மொட்டைத்தலைப் பாடகி' நாடகமே ஃப்ளாப்தான், அதெல்லாம் அறிவுஜீவிங்களுக்கு"ன்னு போட்டிருக்காரு. பாதிதான் உண்மை. 1950ல பாரிஸ்ல முதல்ல போட்டப்போ கூட்டம் வரல, சரி. ஆனா 1957ல அதே ஊர்ல ஹுஷெத்னு நூறு சீட்டுகூட இல்லாத ஒரு தியேட்டர்ல திரும்ப ஆரம்பிச்சாங்க, அது அறுபது வருஷத்துக்கு மேல ஓடிருக்கு. அதுல கடிகாரம் 17 தடவ அடிக்கும், உடனே அந்த வீட்டு அம்மா மணி ஒன்பதுன்னு சொல்லுவாங்க. இன்னொரு ஜோடி, ஒரே ரயிலு ஒரே தெரு ஒரே கட்டில்னு பேசிப் பேசி கடைசியிலதான் நாம புருஷன் பொண்டாட்டின்னே முடிவுக்கு வருவாங்க, இதுக்குச் சிரிக்க எந்த டிகிரி வேணும் சொல்லுங்க? நடிகருங்க துளி சிரிப்பில்லாம சீரியஸா பேசப் பேச ஹால்ல ஏதோ ஒரு மூலையில கிளம்புற சிரிப்பு எல்லாருக்கும் தொத்திக்கும், அதுக்காக அவங்க ஒரு நொடி நிறுத்துவாங்க பாருங்க, அது புக்குல படிச்சா கிடைக்காது, நேர்ல உக்காந்தாதான். அதே 1957 நவம்பர்ல அமெரிக்காவுல சான் குவென்டின் ஜெயில்ல பெக்கெட் எழுதின 'கோடோவுக்காகக் காத்திருத்தல்'ங்கிற நாடகத்த, வராத ஒருத்தருக்காக ரெண்டு பேர் காத்துக்கிட்டே இருக்கிற கதைய, சுமார் 1400 கைதிங்க பாத்தாங்க. அவங்களுக்கு அது நல்லாவே புரிஞ்சுது, காத்திருக்கிறதுன்னா என்னன்னு அவங்களுக்குத் தெரியாதா.