கடைக்கார மாமாவை வள்ளல் என்று சொல்லாதீர்கள்

பினாங்கின் பெருநிலப் பக்கம், நிபோங் திபாலில் மளிகைக் கடை வைத்திருந்த கடைக்கார மாமா போன வாரம் தவறிவிட்டார். வாட்ஸ்அப் குழுக்களில் வந்த இரங்கல் செய்திகளை எல்லாம் படித்தேன். வள்ளல், வாரிக் கொடுத்தவர், கணக்குப் பார்க்காதவர். கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. மாமா கணக்குப் பார்த்தவர். காசு காசாகப் பார்த்தவர். எங்கள் குடும்பம் மூழ்காமல் கரையேறியது அந்தக் கணக்கால்தான்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பால் எடுத்தார். அம்மாவுக்குத் தோட்டத்தில் களை, உரம் என்று வெளிக்காட்டு வேலை. சம்பளம் மாதம் ஒரு தடவை, சாமான் மாதம் முழுக்கக் கடனில், 555 என்ற கணக்கு நோட்டில் எழுதி. சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டைத் தூக்கிக்கொண்டு நம்மில் எத்தனை பேர் ஓடியிருப்போம்! ஒன்று எங்கள் வீட்டில் இருக்கும், இன்னொன்று கடையில் கம்பியில் தொங்கும். இரண்டிலும் மாமாவே எழுதுவார். அரிசி, சார்டின், பால் டின், நெத்திலி. எழுதியதை வாசித்துக் காட்டிய பிறகுதான் பை கைக்கு வரும்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை உதிர்த்தால் பால் குறையும். எந்த வீட்டில் எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், யாருக்குப் பிரசவம், ஜனவரியில் எந்தப் பிள்ளைக்குச் சீருடை வாங்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. தெரிந்துகொண்டுதான் எழுதினார். ஏனென்றால் அவரும் கடனுக்குத்தான் வாங்கினார். வெங்காயம், மிளகாய், பருப்பு எல்லாம் பினாங்குத் தீவில் கடைத்தெரு மொத்த வியாபாரிகளிடம். 1985-இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை லாரியைப் பெர்ரியில் ஏற்றித்தான் போய் வருவார். நாற்பது வீடு தவணை தள்ளினாலும் அவர் தள்ள முடியாது. வாரிக் கொடுத்திருந்தால் இரண்டே வருடத்தில் கடை மூடியிருக்கும், நாங்களும் பட்டினி கிடந்திருப்போம்.

சம்சு என்ற மலிவுச் சாராயத்தை அவர் விற்கவே இல்லை. அந்த நாளில் மளிகைக் கடையிலேயே அது சின்னப் போத்தலில் கிடைக்கும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் போராடியது நம் ஆட்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் அப்பா நோட்டைக் கொடுத்து சிகரெட் வாங்கிவரச் சொன்னார். மாமா நோட்டை மூடி என் கையிலேயே வைத்தார்.

"பாப்பா, இதெல்லாம் ரொக்கத்துக்குத்தான்னு அப்பாகிட்ட சொல்லு. கோபம் வந்தா கடைக்கு வரச் சொல்லு."

அப்பா போகவில்லை.

அதே அப்பா கால் முறிந்து நாலு மாதம் படுத்தபோது, அம்மா கேட்காமலே அரிசியும் பருப்பும் எழுதினார் மாமா. மீலோவை மட்டும் நிறுத்திவிட்டார்.

"பிள்ளைங்க கேக்குதுங்கண்ணே."

"கால் ஆறட்டும் தங்கச்சி. ஏறுற கடனை நீதானே சுமக்கணும்."

அன்று அவர்மேல் எனக்கு அவ்வளவு கோபம். இன்று என் கைப்பேசியில் நாளுக்கு மூன்று தடவை "இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்" என்று வருகிறது. என் வீட்டில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. போதும் என்று சொல்லவும் தெரியாது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளைகள் அதில் சிக்கித் தவிப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

மாமா மதியம் கடைக்குப் பின்னால் அத்தையோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த இருபது நிமிடம் யார் கூப்பிட்டாலும் எழமாட்டார். மூன்று பெண்களும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். தைப்பூசத்துக்குக் கடை அடைப்பு, குடும்பமே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விடும்.

1994-இல் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் வீட்டுப் பாக்கியைக் கட்டப் போனேன். 187 வெள்ளி (ரிங்கிட்) 40 காசு. 190 நீட்டி, "மீதி வேணாம் மாமா" என்றேன். இரண்டு வெள்ளி அறுபது காசை எண்ணி மேசைமேல் வைத்தார். பக்கத்தின் குறுக்கே கோடு போட்டு, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"உங்கம்மாகிட்ட சொல்லு, இனி யாருக்கும் பாக்கி இல்லன்னு."

வரும் ஞாயிறு பதினாறாம் நாள் காரியம், வீட்டில்தான். நோட்டில் எழுதி வாங்கிய குடும்பங்கள் முடிந்தால் வாருங்கள். மூத்த மகளைப் பார்த்தால் உங்கப்பா வள்ளல் என்று சொல்லாதீர்கள். என்ன வாங்கினீர்கள், எதைக் கொடுக்க மறுத்தார், பாக்கியை எப்போது கட்டி முடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.