மூன்று ஞாயிறு, ஒரு வத்தக்குழம்பு

நான்கு நிமிட வத்தக்குழம்பு வீடியோ எடுக்க எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. குழம்பு என்னவோ ஒவ்வொரு வாரமும் நன்றாகத்தான் வந்தது.

முதல் வாரம் சத்தம். ஃபோனை ஆறடி தள்ளி ஸ்டாண்டில் மாட்டிவிட்டு நான் பாட்டுக்குப் பேசினேன். போட்டுப் பார்த்தால் மின்விசிறி கரகரக்கிறது, பக்கத்து வீட்டு குக்கர் நாலு விசில் அடிக்கிறது, நடுவில் பழைய பேப்பர்க்காரர் வேறு. என் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மைக் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டுமாம். இதை யார் சொன்னார்கள்? கேட்டவர்கள் எல்லாம் கேமரா வாங்கு, லென்ஸ் வாங்கு என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த வாரம் காலர் மைக். குரல் சரி. ஆனால் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் ஓடின. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று. பழைய டியூப்லைட் சுற்றுக்கு இரண்டு என்று நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கேமராவின் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் அது ஒளி வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடி என்று வைத்தால் பட்டை போய்விடும். இந்த ஒரு வரிக்காக, “பெல் பட்டனை அழுத்துங்க நண்பர்களே” என்று தொடங்கும் 18 நிமிடப் பாடத்தைப் பார்த்தேன். விஷயம் 16ஆவது நிமிடத்தில்தான் வந்தது!

மூன்றாம் வாரம் சுண்டைவற்றல் பொரியும் சத்தம்கூட அழகாகப் பதிவானது. அப்புறம்தான் கவனித்தேன், வாணலியில் பாதிதான் படத்தில் இருக்கிறது. இனி ஞாயிற்றுக்கிழமை வத்தக்குழம்பு வைத்தால் ஓட்டலுக்குப் போய்விடுவோம் என்கிறார்கள் வீட்டில்.