உத்தரவே போடாத நீதிபதி

கட்சித் தாவல் என்று பேச்சு வந்தாலே தாவினவரைத்தான் எல்லாரும் திட்டுகிறோம். திட்டலாம், தப்பில்லை. ஆனால் தாவினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் யாரை உட்கார வைத்திருக்கிறோம் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா? 1985-ல் 52-வது திருத்தம் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை அந்த வேலையைச் சபாநாயகரிடம் கொடுத்திருக்கிறது. ஆளுங்கட்சி டிக்கெட்டில் ஜெயித்து, ஆளுங்கட்சி ஓட்டில் அந்த நாற்காலிக்கு வந்தவர். ஆளுங்கட்சி நினைத்தால் இறங்கவும் வேண்டியவர்.

நம்ம ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். 2017 பிப்ரவரி 18. எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோருகிறார். ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்த 11 பேரும், ஓ. பன்னீர்செல்வம் உட்பட, அதே இரட்டை இலையில் ஜெயித்தவர்கள். ஆகஸ்டில் அணிகள் இணைந்து ஓ.பி.எஸ். துணை முதல்வர் ஆகிறார். மறுநாளே தினகரன் பக்கம் நின்ற 19 எம்.எல்.ஏ.க்கள் முதல்வருக்கு ஆதரவு இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுக்கிறார்கள். ஒருவர் மனம் மாறித் திரும்பிவிட்டார். மீதி 18 பேரையும் செப்டம்பர் 18-ல் சபாநாயகர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். கடிதம் கொடுத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

சபைக்குள் அரசுக்கு எதிராக ஓட்டே போட்ட 11 பேர் விஷயம்? சத்தமே இல்லை. திமுக கொறடா சக்கரபாணி உயர் நீதிமன்றம் போனார், 2018 ஏப்ரலில் தள்ளுபடி. உச்ச நீதிமன்றம் போனார். 2020 பிப்ரவரியில், நம்பிக்கை வாக்கெடுப்பு முடிந்து மூன்று வருடம் கழித்து, சபாநாயகர் நோட்டீஸ் அனுப்பிவிட்டார் என்ற அளவில் வழக்கை முடித்தார்கள். அந்த 11 பேர் மீது கடைசிவரை தகுதி நீக்கம் வரவில்லை.

இதில் கணக்கையும் பாருங்கள். மொத்தம் 234. ஜெயலலிதா மறைவால் ஆர்.கே. நகர் காலி, ஆக 233. பெரும்பான்மைக்கு 117 வேண்டும். 18 பேரைத் தூக்கினால் சபையே 215 ஆகிவிடும், 108 இருந்தால் போதும். ஒரே ஒரு உத்தரவில் பெரும்பான்மைக்கான எண் ஒன்பது குறைந்துவிட்டது! எந்த நீதிபதியின் தீர்ப்பு அவரை உட்கார வைத்த கட்சியின் ஆட்சியை இப்படி நேரடியாகக் காப்பாற்றும்?

18 பேரின் தகுதி நீக்கம் சட்டப்படி செல்லும் என்று 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்கு முன்பு இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதி, மூன்றாவது நீதிபதிக்குப் போனது தனிக்கதை. என் சண்டை அந்தத் தீர்ப்போடு இல்லை. 11 பேர் பக்கமும் வாதம் இருந்திருக்கும், கட்சியே அப்போது இரண்டாகக் கிடந்தது. சரி, அதையே காரணமாக எழுதி 'தகுதி நீக்கம் கிடையாது' என்று ஓர் உத்தரவு போட்டிருக்கலாமே? போட்டால் அதை எதிர்த்து நீதிமன்றம் போவார்கள். போடாவிட்டால் எதை எதிர்ப்பது? உச்ச நீதிமன்றத்தின் 1992 கிஹோட்டோ ஹொல்லோஹான் தீர்ப்பில் விஷயமே இதுதான்: சபாநாயகர் முடிவெடுத்த பிறகு நீதிமன்றம் ஆராயலாம், பொதுவாக அதற்கு முன்னால் தலையிடாது. கிடப்பில் போட இதைவிட வசதி வேண்டுமா? அதே வழக்கில் சிறுபான்மைத் தீர்ப்பு எழுதிய இரண்டு நீதிபதிகள், பெரும்பான்மையின் தயவில் பதவியில் இருப்பவர் இதைத் தீர்மானிக்கக் கூடாது என்று அன்றைக்கே சொன்னார்கள். மூன்றுக்கு இரண்டில் அது தோற்றது.

நடுவில் அல்லாடினது அந்த 18 தொகுதிக்காரர்கள். வழக்கு நடந்ததால் இடைத்தேர்தலும் இல்லை. ஆண்டிபட்டி, அரூர், சாத்தூர், ஆம்பூர் எல்லாம் 2019 மே வரை எம்.எல்.ஏ. இல்லாமல் கிடந்தன. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா, தெருவுக்குத் தண்ணீர் டேங்க் கேட்டு எழுதின மனுவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பீரோவிலேயே வைத்திருந்தார்.

இது அதிமுக வியாதி மட்டுமில்லை, திமுக நண்பர்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம். மணிப்பூரில் 2017-ல் காங்கிரசில் ஜெயித்த ஒருவர் நேராகப் பாஜக அமைச்சரவைக்குப் போனார். சபாநாயகர் அசையவே இல்லை. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம்தான் நியாயமான அவகாசம் என்றது, இதற்கென்று நிரந்தரத் தீர்ப்பாயம் அமைக்க யோசியுங்கள் என்று நாடாளுமன்றத்திடமும் சொன்னது. இரண்டு மாதம் கழித்து அந்த அமைச்சரை நீதிமன்றமே பதவியிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. தெலங்கானாவில் காங்கிரஸ் ஆட்சி. பி.ஆர்.எஸ். கட்சியிலிருந்து போன பத்துப் பேர் விவகாரத்தில் 2025 ஜூலையில் மறுபடியும் 'மூன்று மாதத்தில் முடியுங்கள்' என்று சொல்ல வேண்டி வந்தது.

சபாநாயகர் ஆனவுடன் கட்சியை விட்டு விலகலாம், அதற்காகப் பதவி போகாது என்று பத்தாவது அட்டவணையே ஐந்தாவது பத்தியில் விலக்குக் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1967-ல், நீலம் சஞ்சீவ ரெட்டி மக்களவைத் தலைவரானதும் காங்கிரசிலிருந்து விலகினார். இன்றைக்கு யாராவது செய்கிறார்களா?

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆதாயம் தரும் பதவி வகித்தார் என்று ஒரு எம்.எல்.ஏ. மீது புகார் வந்தால், அரசியல் சாசனத்தின் 192-வது பிரிவின்படி தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படியே ஆளுநர் முடிவெடுக்க வேண்டும். கட்சித் தாவலையும் அதே வழிக்குக் கொண்டுபோகச் சொல்லி 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாருக்கும் பிடிக்கிற யோசனை!

தேர்தல் ஆணையம் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். டெல்லியில் இதே மாதிரி ஏற்பாட்டில் ஆம் ஆத்மி எம்.எல்.ஏ.க்கள் 20 பேரைத் தகுதி நீக்கம் செய்ய ஆணையம் 2018 ஜனவரியில் பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். மனு வந்தது 2015-ல், ஆகவே அங்கேயும் தாமதம்தான், கெடு வைத்தே ஆக வேண்டும். ஆனால் உத்தரவு என்று ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். எங்களைச் சரியாக விசாரிக்கவில்லை என்றார்கள். மார்ச் மாதமே அது ரத்தானது.