உளுத்துப்போகும் மூங்கிலும் ஒரு விதியும்

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் இருக்கும் குட்டுபலாங் அகதி முகாமைப் பற்றிப் பேச்செடுத்தால், எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு சில மாதங்களில் ரோஹிங்கியா என்ற முஸ்லிம் சிறுபான்மை மக்கள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ராணுவத் தாக்குதலுக்குத் தப்பி மியான்மரிலிருந்து வந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் இருக்கும் கூரையைத் தாங்கி நிற்கும் மூங்கிலைப் பற்றித்தான் நான் பேச விரும்புகிறேன்.

அங்கே நிலையான வீடு கட்ட அரசு விடுவதில்லை. செங்கல் சுவர் கூடாது, மூங்கிலும் தார்ப்பாயும்தான். சீக்கிரமே திரும்பிப் போய்விடுவார்கள் என்ற கணக்கில் வந்த விதி அது. அன்றைய அவசரத்தில் வந்து இறங்கிய மூங்கிலில் பெரும்பகுதி பதப்படுத்தாதது. மூங்கிலின் மாவுச்சத்துக்கு வண்டு வரும், துளைத்துத் தின்னும். மண்ணில் நட்ட அடிப்பகுதி மழைக்கு அழுகும். ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டைத் தாங்கும் மூங்கில் கால்கள் மாவாக உதிர்ந்துவிடும். அப்புறம் மறுபடி மூங்கில், மறுபடி கயிறு, மறுபடி நன்கொடைப் பணம்.

இதைத் தடுக்க வழி தெரியாமல் இல்லை. மூங்கிலைப் போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்துக் காயவைத்தால் பூச்சி எளிதில் அண்டாது. மூங்கில் கால்களை நேரே மண்ணில் நடாமல் சிறு கான்கிரீட் கட்டையின் மேல் நிறுத்தினால் ஈரம் ஏறாது. சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு போன்றவை அங்கேயே மூங்கில் பதப்படுத்தும் நிலையங்களைத் தொடங்கின. இப்படிச் செய்த மூங்கில் பல வருடம் நிற்கும். முதல் நாளிலிருந்தே எல்லா வீட்டுக்கும் இதைச் செய்திருந்தால் எவ்வளவு காடு மிஞ்சியிருக்கும்!

காடு என்றதும் அடுப்பைச் சொல்லியே ஆகவேண்டும். வந்த புதிதில் சமைக்க விறகைத் தவிர வேறு வழி இல்லை. மரம் தீர்ந்தபின் வேரையும் தோண்டினார்கள். மொட்டையான மணல் குன்றுகள் மழையில் சரிந்து குடிசைகள் மேல் விழுந்தன. விறகுக்காகப் பெண்களும் பிள்ளைகளும் பயந்துகொண்டே வெகுதூரம் நடந்தார்கள். 2018-லிருந்து வீடுகளுக்குக் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கத் தொடங்கினார்கள். சரிவுகளில் வெட்டிவேரும் மரக்கன்றும் நட்டார்கள். சில வருடங்களிலேயே குன்றுகள் பச்சை பிடித்தன. முகாமின் வடிவமைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த அடுப்புதான்.

அழகும் அங்கே சாத்தியம். முகாம் பகுதியில் எழுந்த சமுதாயக் கூடங்களுக்கு 2022-ல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. முன்கூட்டியே வரைபடம் போடாமல், அந்த இடத்திலேயே, அங்கிருந்தவர்களோடு சேர்ந்து மூங்கிலில் கட்டியவை அவை. பெண்கள் கூடிப் பேசவும் கைவேலை செய்யவும் நிழலும் காற்றும் உள்ள இடம் கிடைத்தது.

2021 மார்ச் 22 அன்று முகாமில் பிடித்த தீயில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சுமார் 45,000 பேர் வீடிழந்தார்கள். முள்கம்பி வேலியால் தப்பி ஓட முடியவில்லை என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். குடிசைகளுக்கு நடுவே இடைவெளி விடுவதும், ஓடுவதற்கு வழி விடுவதும் வசதி சார்ந்த விஷயம் அல்ல, உயிர் சார்ந்தது.

வங்கதேச அரசின் பயமும் எனக்குப் புரிகிறது. முகாம்கள் இருக்கும் உக்கியா, டெக்னாஃப் பகுதிகளின் உள்ளூர் மக்களும் ஏழைகள்தான்; அவர்கள் காடு போனது, கூலி குறைந்தது. நல்ல வீடு கொடுத்தால் அகதிகள் நிரந்தரமாகத் தங்கிவிடுவார்கள் என்கிறது அரசு. ஆனால் வீடு ஒழுகுகிறதே என்று யாரும் மியான்மரில் உள்ள தங்கள் ராக்கைன் மாநிலத்துக்குத் திரும்பிப் போகப் போவதில்லை. அங்கே குடியுரிமையும் பாதுகாப்பும் கிடைத்தால் போவார்கள். பதப்படுத்திய மூங்கில் வீட்டை வேண்டும்போது கழற்றவும் முடியும்.

தமிழ்நாட்டில் இதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். 1983-லிருந்து இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள், கொஞ்ச காலத்துக்கென்று கொடுத்த பத்துக்குப் பத்து அறைகளில் தலைமுறை தாண்டி வாழ்ந்தார்கள். முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது 2021-ல். அந்த அறையில் பிறந்த பிள்ளைக்கே பிள்ளை பிறந்துவிட்டது.

குட்டுபலாங்குக்கான நிதித் திட்டத்தைப் பல ஆண்டுகள் வருடத்துக்கு ஒன்றாகவே போட்டார்கள். ஒரு வருடக் கணக்கில் பார்த்தால் பதப்படுத்தாத மூங்கில்தான் மலிவு. பத்து வருடக் கணக்குப் போட்டுப் பணம் கொடுங்கள், அடித்தளத்துக்கும் கூரைக்கும் உறுதியான பொருளை அனுமதியுங்கள், கதவு எந்தப் பக்கம் வேண்டும் என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்.