உரக் குருணையும் அரிசிக் குருணையும்

போன புரட்டாசியில் டிஏபி உரத்துக்காக மூன்று நாள் கூட்டுறவு சொசைட்டிக்கு நடந்தேன். கடைசி உழவு ஓட்டி, அண்டை வெட்டி, வயல் தயாராகக் கிடக்கிறது. அடியுரம் போட்டால்தான் நடவு. "ஸ்டாக் இல்லண்ணே, லோடு வந்தா சொல்றேன்" என்றான் பையன். தனியார் கடையில் இருந்தது. ஆனால் 1,350 ரூபாய் மூட்டையோடு எனக்கு வேண்டாத ஒரு டப்பாவையும் வாங்கினால்தான் தருவார்களாம். வாங்கினேன், வேறு வழி?

மூட்டையை வண்டியில் வைத்துக் கட்டும்போதுதான் சாக்கின் அடியில் பொடி எழுத்து கண்ணில் பட்டது. இறக்குமதி, சீனா.

எதிர் டீக்கடையில் அந்நேரம் சீனப் பொருளைப் புறக்கணிப்பது பற்றிக் காரசாரமான பேச்சு. 2020இல் சீன எல்லையில் நடந்த கல்வான் மோதலில் இருந்து ஓடும் பேச்சு இது. அப்போது முதலில் 59 செயலிகளுக்குத் தடை போட்டார்கள். அப்புறம் என்ன ஆச்சு? 2024-25இல் சீனாவிடம் நாம் வாங்கியது சுமார் 11,300 கோடி டாலர். விற்றது 1,400 கோடி டாலர் சொச்சம். இதில் பொம்மையும் சீரியல் பல்பும் கொசுறு. பெரிய தொகை போவது மின்னணு உதிரிபாகம், இயந்திரம், மருந்துக்கான மூலப்பொருள் ஆகியவற்றுக்கு. இங்கே ஒரு பொருளைச் செய்யவே அங்கிருந்து சாமான் வர வேண்டியிருக்கிறது. தீபாவளிக்குச் சீன விளக்கு வாங்காமல் இருங்கள், நல்லது. அதனால் சீனாவுக்கு ஒன்றும் குறையப்போவதில்லை.

டிஏபியையே எடுத்துக்கொள்வோம். 2021 அக்டோபரில் உர ஏற்றுமதிக்குச் சீனா கட்டாயப் பரிசோதனை கொண்டுவந்தது. தடை என்று சொல்லவில்லை, சோதனை என்றார்கள். சரக்கு துறைமுகம் தாண்டவில்லை. உள்நாட்டில் உர விலை ஏறக்கூடாது என்ற கணக்கு. அதில் எனக்குக் கோபமில்லை. வெங்காயத்துக்கும் அரிசிக்கும் நம் அரசும் அதைத்தானே செய்திருக்கிறது? இப்போது டிஏபியில் இருக்கும் பாஸ்பேட்டுக்கு அங்கேயே புதுப் போட்டியும் வந்துவிட்டது. மின்சார வண்டிக்குப் போடும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கும் அதுதான் வேண்டும். 2023-24இல் இந்தியாவுக்கு வந்த சீன டிஏபி, மறு ஆண்டே பாதிக்கும் கீழே போனது. சவுதியிடம் கூடுதலாக வாங்குகிறோம். டிஏபி செய்யத் தேவையான பாறை பாஸ்பேட் நம்மிடம் குறைவு, யாரிடமாவது கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சரி, நாம் என்ன கொடுத்தோம்? நொய். எங்கள் பக்கம் குருணை என்போம். 2021-22இல் இந்தியக் குருணையை அதிகம் வாங்கிய நாடு சீனா, சுமார் 16 லட்சம் டன். தீவனத்துக்கும் நூடுல்ஸுக்கும் மதுவுக்கும் போனது. 2022 செப்டம்பரில் நம் அரசே ஏற்றுமதியைத் தடை செய்தது. உரக் குருணையை வாங்கி வயலில் போட்டு, அரிசிக் குருணையை அனுப்பியிருக்கிறோம்!

ஒரு காலத்தில் கணக்கு வேறு மாதிரி இருந்தது. சோழர் தூதர்கள் 1015, 1033, 1077 என்று மூன்று முறை சீன அரசவைக்குப் போயிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் "சீனா கோபுரம்" என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த ஒரு பழைய பௌத்தக் கோபுரம் 1867 வரை நின்றது, இடித்துவிட்டார்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசு புதையலாகக் கிடைத்திருக்கிறது. அன்றைக்குக் காசு அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

அந்த டப்பாவை இன்னும் திறக்கவில்லை. மாட்டுக்கொட்டகைப் பரணில் கிடக்கிறது. யாருக்காவது பயன்படும் என்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.