அரை மணி நேரம் கேட்டேன்

நேற்று சாயங்காலம் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை.

நான் கேட்டது படம் எடுக்க அரை மணி நேரம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் ஆறிலிருந்து ஆறரை வரைக்கும் என்னைக் கூப்பிடாதீர்கள் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

டிசம்பரில் ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். விளக்குப் போட்ட பிறகும் கொஞ்ச நேரம் வானம் கருநீலமாக இருக்கும், கல் மஞ்சளாக எரியும். கால் மணி நேரம், அவ்வளவுதான். விட்டால் கருவறைக்கு மேல் நிற்கும் விமானத்துக்குப் பின்னால் வெறும் கறுப்பு. முன் அனுமதி இல்லாமல் கேமராவை நிறுத்தும் முக்காலி கூடாது; அது விதி, அதில் எனக்குச் சண்டையில்லை. அதனால் பிராகாரத்தைச் சுற்றி ஓடும் திருச்சுற்று மாளிகை ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, பையைச் சுருட்டி லென்ஸுக்கு முட்டுக்கொடுத்து, 216 அடி விமானமும் கலசத்தோடு ஃபிரேமுக்குள் அடங்கக் கடைசியில் படுத்தே விட்டேன். ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, ஷட்டர் திறந்திருப்பது 2 செகண்ட். ஒரு படம் எடுத்தேன். ஒன்றே ஒன்று.

"அண்ணி, எங்களை ஒண்ணு எடுங்களேன்."

லென்ஸுக்கு நேர் முன்னால் நாத்தனார். சரி, ஒன்று. அப்புறம் அவள் மட்டும். அப்புறம் பையனோடு. பையன் கண்ணை மூடிவிட்டான், மறுபடி. மாமியாரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி மறுபடி. நந்தி தெரியவில்லையாம். எழுந்து எல்லாரும் நந்தி மண்டபத்துக்கு நடந்தோம். அங்கே வேறொரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. அவர்கள் முடிக்கும் வரை காத்திருந்தோம். அப்போது வாசலிலிருந்து கணவர் போனில்: "உன் போட்டோ இன்னுமா முடியல? டிரைவர் கேக்கறாரு."

என் போட்டோ!

நிமிர்ந்து பார்த்தேன். வானம் கறுத்துவிட்டது.

காலையில் கும்பகோணத்துப் பட்டுக் கடையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பேரம் முக்கால் மணி நேரம். யாராவது கடிகாரம் பார்த்தார்களா? கேமராவைத் திறந்தால் மட்டும் எல்லாருக்கும் நேரமாகிவிடுகிறது.

ராஜராஜன் 1010-ல் குடமுழுக்குச் செய்த கோயில், எங்கேயும் போய்விடாது, அடுத்த தடவை எடுத்துக்கலாம் என்று காரில் கணவர் சமாதானம் சொன்னார். கோயில் போகாது. அடுத்த தடவை எப்போது? இதற்கு முன் நாங்கள் தஞ்சாவூர் வந்து எட்டு வருஷம் ஆகிறது.

ரூமுக்குப் போய்ச் சேருவதற்குள், "அண்ணி, படமெல்லாம் குரூப்ல போட்டுடுங்க." போட்டேன், 63 படம். ஒன்றில்கூட நான் இல்லை. கேமராவைக் கையிலிருந்து வாங்கி, "நீ போய் நில்லு" என்று ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் ராத்திரி ஹோட்டலில், நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் எனக்கும் சேர்த்து ரவா தோசை சொல்லிவிட்டிருந்தார்கள். எனக்கு ரவா தோசை பிடிக்காது. கல்யாணமாகி 14 வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பிடிக்காது.